காருக்குப் புதிய புகைக்குழாய்: வீட்டில் பொருத்துவோர் அறியவேண்டியவை

மோட்டார் காரின் உறுப்புகளுள் உரிமையாளரின் கண்ணில் மிகக் குறைவாகப் படுவது அதன் புகைக்குழாயே. எஞ்சின் மூடியைத் திறந்து பார்ப்போர் உண்டு. டயரைத் தட்டிப் பார்ப்போரும் உண்டு. ஆனால் எஞ்சினில் தொடங்கி, வண்டியின் அடிப்புறம் முழுவதும் ஓடி, பின்புறத்தில் வாய் திறந்து நிற்கும் அந்த நீண்ட குழாயைக் குனிந்து நோக்குபவர் அரியர். ஒருநாள் அது துருவேறி ஓட்டை விழுந்து, தெருவே திரும்பிப் பார்க்கும் வண்ணம் உறுமத் தொடங்கும்போதுதான் அதன் நினைவு வருகிறது.

நல்ல பட்டறை தொலைவிலுள்ள ஊர்களில் பணிபுரிவோர், கடையில் விற்கும் மாற்றுக் குழாயை வாங்கி வந்து வீட்டு முற்றத்திலேயே தாமாகப் பொருத்திக்கொள்ள முற்படுகின்றனர். இது இயல்பே. கைத்திறன் சிறிதுடைய ஒருவர் அரை நாளில் முடிக்கக்கூடிய வேலைதான். ஆயினும், இக்குழாய் ஓசையை அடக்குவதற்காக மட்டும் ஏற்பட்டது என்று எண்ணிப் பொருத்துபவர் அதன் முதற் கடமையை மறந்தவராகிறார். வண்டியினுள் அமர்ந்திருப்போரின் மூச்சுக்கு எட்டாத தொலைவில் ஒரு நச்சு வாயுவைக் கொண்டுபோய் விடுவதே அக்கடமை. குழாயின் ஒவ்வோர் இணைப்பும் இதன்பொருட்டே இறுக்கமாக அமைந்திருக்க வேண்டும்.

குழாயினுள் செல்வது என்ன?

பெட்ரோல் என்பது கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்த பொருள். அது முற்றிலும் எரிந்தால் கரிமிலவாயுவும் நீராவியும் உண்டாகின்றன. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிவதால் தோன்றும் கரிமிலவாயுவின் எடை சுமார் 2.3 கிலோகிராம். அத்துடன் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீரும் உண்டாகிறது. முக்கால் கிலோவுக்கும் குறைவான எடையுள்ள எண்ணெயிலிருந்து இவ்வளவு எடை எவ்வாறு வந்தது என்று மாணவர் வினவக்கூடும். காற்றிலுள்ள பிராணவாயு வந்து சேர்ந்ததே காரணம் என்பதை அவர்களே கண்டுகொள்ளும்படி ஆசிரியர் இதனை ஒரு கணக்காகவே கொடுக்கலாம்.

இந்த நீர்தான் குழாயின் முதற் பகைவன். நெடுந்தூரம் செல்லும் வண்டியில் குழாய் நன்கு சூடேறி, நீர் ஆவியாகவே வெளியேறிவிடும். இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடி நிற்கும் வண்டியிலோ, அது குளிர்ந்து சைலென்ஸரின் அடியில் தேங்கி, எரிபொருளிலுள்ள சிறிதளவு கந்தகத்திலிருந்து தோன்றும் அமிலத்தோடு கலந்து, தகட்டை உள்ளிருந்தே அரிக்கிறது. மாவட்டம் முழுதும் சுற்றிவரும் அதிகாரியின் வண்டியைக் காட்டிலும், வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே மட்டும் ஓடும் ஆசிரியரின் வண்டியில் சைலென்ஸர் விரைவில் பழுதடைவது இதனாலேயே. வெளித்தோற்றம் நன்றாயிருக்கும், கட்டைவிரலால் அழுத்தினால் பொத்தென்று உள்ளே போகும்.

எரிதல் முற்றுப்பெறாதபோது கார்பன் மானாக்ஸைடு என்னும் வாயு தோன்றுகிறது. இதற்கு நிறமில்லை, மணமுமில்லை. புகைநாற்றம் வீசினால் விழித்துக்கொள்ளலாம் என்று நம்பியிருப்பது தவறு. நாற்றத்தைத் தருபவை வேறு பொருள்கள். இவ்வாயு குருதியிலுள்ள பிராணவாயுவை விலக்கி, அதன் இடத்தைப் பற்றிக்கொள்கிறது என்பதைப் பிரெஞ்சு உடலியலறிஞர் கிளாட் பெர்னார் 1857இல் வெளியிட்ட விரிவுரைகளில் விளக்கினார். பின்னர் ஆங்கிலேய நாட்டில் ஜே. எஸ். ஹால்டேன் இவ்வாயு கலந்த காற்றைத் தாமே சுவாசித்துத் தம் உடலில் நேர்ந்த மாறுதல்களைக் குறித்துவைத்து 1895இல் வெளியிட்டார். நிலக்கரிச் சுரங்கத்தில் எலியையும் சிறு பறவையையும் எச்சரிக்கைக் கருவியாகக் கொண்டுசெல்லும் வழக்கம் அவருடைய ஆலோசனையால் பரவியது.

ஹீமோகுளோபின் பிராணவாயுவைப் பற்றும் ஆற்றலைப்போல் 200 முதல் 250 மடங்கு ஆற்றலுடன் கார்பன் மானாக்ஸைடைப் பற்றுகிறது. இதன் பொருளைக் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. காற்றில் பிராணவாயு 21 சதவிகிதம். அதனை 250 ஆல் வகுத்தால் 0.084 வரும். அதாவது, 1,200 பங்கு காற்றில் ஒரு பங்கு கார்பன் மானாக்ஸைடு இருந்து, அதனைப் பல மணி நேரம் தொடர்ந்து சுவாசித்தால், குருதியின் ஹீமோகுளோபினில் பாதி நச்சுக்கும் பாதி பிராணவாயுவுக்குமாகப் பங்கிடப்பட்டுவிடும். உயிருக்கு அபாயமான நிலை இது. தலைவலியும் குமட்டலும் தள்ளாட்டமும் அதற்கு வெகு முன்னரே தொடங்கிவிடும்.

இவ்வளவு நச்சு சேர எத்தனை நேரமாகும்? 1983 முதல் 2014 வரை நம் நாட்டில் உற்பத்தியான மாருதி 800 காரை எடுத்துக்கொள்வோம். அதன் எஞ்சின் 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவுடையது. வண்டி நிற்கையில் மெதுவாக ஓடும் இவ்வெஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 100 லிட்டர் புகையை வெளிவிடும் என்று கொள்ளலாம். கிரியா ஊக்கி இல்லாத பழைய வண்டியின் புகையில் கார்பன் மானாக்ஸைடு 3 சதவிகிதம் இருத்தல் அபூர்வமன்று; பழைய கார்களுக்குப் புகைச் சோதனையில் விதிக்கப்பட்ட உச்ச வரம்பே அதுதான். 5 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் இரண்டரை மீட்டர் உயரமுமுள்ள கொட்டகையில் 37,500 லிட்டர் காற்று அடங்கும். கதவைச் சாத்திவிட்டு எஞ்சினை ஓடவிட்டால், மேற்கூறிய அளவு சேர்வதற்குப் பத்து நிமிடங்களே போதும். புதுக் குழாய் பொருத்தியதும் "சத்தம் எப்படியிருக்கிறது பார்க்கலாம்" என்று கொட்டகைக்குள்ளேயே எஞ்சினைக் கிளப்பும் பழக்கம் எவ்வளவு கொடியது என்பது இக்கணக்கால் விளங்கும்.

ஒலி அடங்கும் விதம்

எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் எரிந்த வாயு வெடிப்பாக வெளியேறுகிறது. மூன்று சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுகையில், வினாடிக்கு 75 வெடிப்புகள் குழாயில் இறங்குகின்றன. சாதாரணக் காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். 350 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணமுள்ள புகையிலோ சுமார் 500 மீட்டர் செல்லும். ஆகவே இவ்வொலியின் அலைநீளம் ஆறரை மீட்டருக்கும் அதிகம். காரின் நீளமோ மூன்றேகால் மீட்டர்தான்! காரைப்போல் இருமடங்கு நீளமுள்ள அலையைக் கையளவு கண்ணாடிப் பஞ்சால் உறிஞ்சிவிட முடியாது. அதனால்தான் கம்பெனி சைலென்ஸரின் உள்ளே பல அறைகளும், தடுப்புத் தகடுகளும், துளையிட்ட குறுங்குழாய்களும் அமைக்கப்படுகின்றன. அலைகள் அறைச் சுவர்களில் மோதித் திரும்பி, எதிர்வரும் அலைகளோடு கலந்து ஒன்றையொன்று தணிக்கின்றன. புட்டியின் வாயில் குறுக்காக ஊதினால் ஒரே ஒரு சுருதியில் ஒலி எழும். அதே தத்துவத்தைத் தலைகீழாகப் பயன்படுத்தி, ஒரு குறிப்பிட்ட சுருதியை மட்டும் விழுங்கும் அறைகளும் சில சைலென்ஸர்களில் உள்ளன.

"ஃப்ரீ ஃப்ளோ" என்ற பெயரால் கடைகளில் விற்கப்படும் மாற்றுச் சைலென்ஸர் பெரும்பாலும் இத்தகையதன்று. துளையிட்ட நேர்க்குழாய் ஒன்று, அதைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு, அதன்மேல் ஓர் உறை, இவ்வளவே. கீச்சென்ற உயர் சுருதிகளைப் பஞ்சு உறிஞ்சும். தாழ்ந்த முழக்கம் அப்படியே வெளிவரும். எஞ்சினின் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வண்டியின் கூடே அதிர்ந்து, உள்ளே இருப்பவரின் காதில் வண்டுபோல் ரீங்காரமிடும். நாள் முழுதும் பயணம் செய்வோர்க்கு இது பெருந்தொல்லை.

இதனால் சக்தி கூடும் என்று விற்பவர் சொல்வதைச் சற்று ஆராயலாம். குழாயில் ஏற்படும் எதிரமுக்கம், ஓடும் வாயு அளவின் இருமடிக்கு ஏற்ப மாறுகிறது. ஓட்டம் பாதியானால் அமுக்கம் நான்கிலொன்றாகும். ஓட்டம் நான்கிலொன்றானால் அமுக்கம் பதினாறிலொன்றாகும். ஊர்ச் சாலையில் செல்லும் வண்டி எஞ்சினின் முழு ஓட்டத்தில் ஒரு சிறு பகுதியையே பயன்படுத்துகிறது. அந்நிலையில் அகற்றுவதற்கு எதிரமுக்கமே ஏறக்குறைய இல்லை. பந்தய வண்டிக்குப் பயன் உண்டு. பள்ளிக்கும் சந்தைக்கும் செல்லும் வண்டிக்குக் கிடைப்பது சக்தி அன்று, சத்தமே.

தொடத்தக்கதும் தொடத்தகாததும்

எஞ்சினை ஒட்டிய மேனிஃபோல்டு, அதனையடுத்த முன்குழாய், கிரியா ஊக்கி மாற்றி, நடுக்குழாய், சைலென்ஸர், வால்குழாய் என்பது பொதுவான வரிசை. இவற்றுள் கிரியா ஊக்கி மாற்றிக்குப் பின்னுள்ள பகுதியை மட்டுமே வீட்டில் மாற்றுதல் தகும்.

கிரியா ஊக்கி மாற்றி என்பது தேன்கூடு போன்ற பீங்கான் கட்டியின்மீது பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்களை மிக நுண்ணிய பூச்சாகப் பூசிய சாதனம். சுமார் 250 முதல் 300 டிகிரி உஷ்ணம் எய்தியதும் வேலை தொடங்கி, கார்பன் மானாக்ஸைடைக் கரிமிலவாயுவாக மாற்றுகிறது. ஈயம் கலந்த பெட்ரோல் இதனைக் கெடுத்துவிடும் என்பதால், ஈயமற்ற பெட்ரோல் கிடைத்த பின்னரே இது பரவ முடிந்தது. நம் நாட்டில் 1995 ஏப்ரல் முதல் நான்கு பெருநகரங்களில் விற்கப்படும் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமாயிற்று. 2000ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடெங்கும் நிறுத்தப்பட்டது. இச்சாதனத்தைக் கழற்றிவிட்டு வெறுங்குழாயை இணைப்பவர், தம் வண்டியை முப்பதாண்டுகளுக்கு முந்தைய நச்சுநிலைக்குத் திருப்புகிறார்.

இதன் முன்னும் பின்னும் பிராணவாயுவை அளக்கும் உணர்கருவிகள் திருகப்பட்டிருக்கும். அவற்றுக்கு முன்னால் ஒரு சிறு கசிவு இருந்தாலும் விபரீதம் நேரும். வெடிப்புகளுக்கிடையே குழாயில் அமுக்கம் ஒரு கணம் தாழ்கிறது. அப்போது வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்படுகிறது. பிராணவாயு மிகுந்திருப்பதாக உணர்கருவி தவறாகத் தெரிவிக்க, எஞ்சினுக்கு வேண்டாத பெட்ரோல் ஊட்டப்படுகிறது. செலவு கூடும்; கிரியா ஊக்கியும் சூடேறிக் கெடும். சாதாரண சிலிகோன் பசையை இணைப்புகளில் அப்புவதும் கூடாது. அதன் ஆவி உணர்கருவியைப் பாழாக்கும்.

சட்டத்தின் நிலையும் தெளிவானது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, ஒவ்வொரு வண்டியிலும் ஓசையை இயன்றமட்டும் குறைக்கும் சைலென்ஸர் இருக்கவேண்டும் என்கின்றன. 2005 முதல் புதிய கார்களின் ஓசை வரம்பு 74 டெசிபல். உற்பத்தியாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. பழுதான பாகத்துக்குப் பதிலாக அதே அளவும் அதே அமைப்புமுள்ள மாற்றுப் பாகத்தைப் பொருத்துவது பழுதுபார்த்தலாகும். ஓசைக்காக வேறு வகையைப் பொருத்துவது அப்படியன்று. ஆகவே வாங்கும்போதே வண்டியின் மாடலையும் ஆண்டையும் சொல்லி, பழைய குழாயின் விட்டத்தையும் பிளாஞ்சுத் துளைகளின் இடைவெளியையும் அளந்துசென்று ஒப்பிட்டு வாங்குதல் வேண்டும்.

வேலை செய்யும் முறை

வேலைக்கு முதல்நாள் மாலையே துருவேறிய நட்டுகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயை விட்டுவைக்க வேண்டும். இரவு முழுதும் ஊறிய நட்டு காலையில் இணங்கும். அவசரப்பட்டுத் திருகிய போல்ட் முறியும். முறிந்த போல்ட்டைத் துளையிட்டு எடுப்பது, குழாய் மாற்றும் முழு வேலையைக் காட்டிலும் நீண்டது.

வண்டி திறந்த வெளியில், சமதளமான கெட்டித் தரையில் நிற்கவேண்டும். எஞ்சின் முற்றிலும் ஆறியிருக்க வேண்டும். தொட்டால் சுடும் குழாயில் வேலையே இல்லை. தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைத்து, கைப்பிரேக்கை இழுத்துவிட வேண்டும். ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கன்று. தூக்கிய வண்டியை உற்பத்தியாளர் குறித்த இடங்களில் இரும்பு ஸ்டாண்டுகளின்மேல் இறக்கி, பக்கவாட்டில் அசைத்துப் பார்த்த பின்னரே அடியில் செல்லவேண்டும். செங்கற்களை அடுக்கி வண்டியை நிறுத்தும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. செங்கல் முன்னறிவிப்பின்றி ஒரே கணத்தில் நொறுங்கும் பொருள். அடியில் படுத்திருப்பவருக்கு நகர நேரமிராது. இரும்பு ஸ்டாண்டு கிடைக்காவிடில் வேலையை ஒத்திவைப்பதே முறை. கண்ணில் துரு விழாமலிருக்கக் கண்ணாடியும், கைகளுக்குத் தடித்த உறையும் வேண்டும். துணைக்கு ஒருவர் அருகிலிருத்தல் அவசியம்.

பிளாஞ்சு நட்டுகளைக் கழற்றிய பின், குழாயைத் தாங்கும் ரப்பர் வளையங்களைச் சோப்பு நீர் தடவி நழுவவிட வேண்டும். எண்ணெய் தடவினால் ரப்பர் உப்பிக் கெடும். வெடித்த ரப்பரை மீண்டும் மாட்டலாகாது. பழைய கேஸ்கெட்டும் அவ்வாறே. அது ஒருமுறை நசுங்கி வடிவம் கொண்டது, இன்னொரு முறை அடைக்காது.

புதிய குழாயை மாட்டுகையில் எந்த நட்டையும் முதலில் இறுக்கிவிடக் கூடாது. எல்லாவற்றையும் தளர்வாக மாட்டி, குழாய் தன் இயல்பான நிலையில் தொங்குமாறு விட்டு, நான்கு புறமும் இடைவெளி பார்க்கவேண்டும். பெட்ரோல் குழாய்க்கும் புகைக்குழாய்க்கும் இடையே குறைந்தது 35 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும் என்பது விதி. பிரேக் குழாய், மின்கம்பி, கைப்பிரேக் கயிறு ஆகியவையும் தொடாமலிருக்க வேண்டும். குழாய் சூடேறினால் நீளும். எஞ்சின் அசைந்தால் தானும் அசையும். அதற்கு இடம் விடவேண்டும். பிறகு எஞ்சின் பக்கத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கி ஒவ்வொன்றாக இறுக்கவேண்டும். பின்னாலிருந்து முன்னோக்கி இறுக்கினால், சிறு கோணல்கள் யாவும் முன் இணைப்பில் குவிந்து கேஸ்கெட்டைப் பிளக்கும். குழாய் பொருந்தாமல் பற்றவைக்க நேர்ந்தால் அதனை வீட்டில் செய்யலாகாது. பெட்ரோல் தொட்டி அருகிலேயே உள்ளது. பட்டறையில் செய்யும்போதும் பாட்டரி இணைப்பைக் கழற்றிவிடச் சொல்லவேண்டும்.

வால்குழாயின் முனை வண்டியின் கூட்டுக்கு வெளியே சிறிது நீண்டிருக்க வேண்டும். அதன் வாய் கீழ்நோக்கியோ இடப்புறமாகவோ இருத்தல் விதிப்படி கூடாது. நம் சாலைகளில் நடப்போர் நிற்பதும் பயணிகள் இறங்குவதும் இடப்புறத்தில்தான் என்பதை நினைத்தால் இதன் காரணம் தெரியும். ஓடும் வண்டியின் பின்னால் அமுக்கம் குறைந்த ஒரு பகுதி உண்டாகிறது; புகை அதில் சுழன்று தங்கும். பின்கதவைத் திறந்து கட்டிக்கொண்டு சாமான் ஏற்றிச் செல்லும் வண்டியிலும், பின்புறப் படுதாவைச் சுருட்டிவிட்ட ஜீப்பிலும் அப்புகை உள்ளே இழுக்கப்படுகிறது. வெளிப்பணிக்குச் செல்வோர் இதனை மிகவும் கவனிக்க வேண்டும். பின்வரிசையில் அமர்ந்தவருக்கு மட்டும் தலைவலி வருமானால், வெயிலைக் குறைகூறுவதற்குமுன் குழாயைப் பார்த்தல் நன்று.

கசிவுச் சோதனை

திறந்த வெளியில், குழாய் சூடேறுமுன், சோப்பு நீரைத் தூரிகையால் எல்லா இணைப்புகளிலும் தடவவேண்டும். ஒருவர் எஞ்சினைக் கிளப்பி மெதுவாக ஓடவிட, மற்றவர் தடித்த உறையணிந்த கையால் மடித்த துணியை வால்குழாயின் வாயில் சில வினாடி லேசாக அழுத்திப் பிடிக்கவேண்டும். அப்போது முகத்தைக் குழாய்க்கு நேரே வைத்துக்கொள்ளலாகாது. கசிவுள்ள இடத்தில் நுரை கிளம்பும். சைக்கிள் டியூபில் ஓட்டை கண்டறிந்த எவருக்கும் இது புதிதன்று. நுரை கண்ட இணைப்பை இறுக்கி மறுபடியும் பார்க்கவேண்டும். முதல்முறை நன்கு சூடேறும்போது புதுக்குழாயின்மேல் பூசிய எண்ணெய் கருகிச் சற்றுப் புகையும். அது அரைமணியில் நின்றுவிடும். நூறு கிலோமீட்டர் ஓடியபின், ஆறிய நிலையில் எல்லா நட்டுகளையும் மீண்டும் ஒருமுறை இறுக்கவேண்டும்.

குழாய் குறையின்றி இருப்பினும் அதன் வாய் அடைபட்டால் பயனில்லை. 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முர்ரி மலைநகரில், பனியில் புதைந்த வண்டிகளுக்குள் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வெப்பத்துக்காக எஞ்சினை ஓடவிட்டிருந்த வண்டிகளில் பலர் இந்நச்சு வாயுவால் இறந்ததாக அறிவிக்கப்பட்டது. நம் சமவெளிகளில் பனி இல்லை. ஆனால் சேறும், மணல்மேடும், சுவரோரமும் உண்டு. நின்ற வண்டியில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, குளிர்சாதனத்துக்காக எஞ்சினை ஓடவிட்டு உறங்குவோர் எல்லா மாநிலங்களிலும் இருக்கின்றனர்.

வண்டியில் ஒருவருக்குத் தலைவலி, குமட்டல், தடுமாற்றம் தோன்றினால் உடனே எஞ்சினை நிறுத்தி, கதவுகளைத் திறந்து, அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவர வேண்டும். உண்ட உணவு ஒவ்வாமல் போயிற்று என்று எண்ணிக் காலங்கடத்துவது பலமுறை நிகழும் பிழை. விரலில் மாட்டும் பிராணவாயுமானி இங்கு ஏமாற்றும். நச்சேறிய குருதியும் சிவப்பாகவே இருப்பதால் அது நல்ல அளவையே காட்டும். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் குருதியிலுள்ள நச்சு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரமாகும். மருத்துவமனையில் தூய பிராணவாயு அளித்தால் சுமார் ஒன்றரை மணி நேரம். எனவே, சற்றுத் தெளிந்துவிட்டார் என்று வீட்டிலேயே இருத்திவிடாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டும்.

கழற்றிய பழைய சைலென்ஸரைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுவதற்குமுன், பட்டறையில் கொடுத்து நீளவாட்டில் அறுத்து வாங்கினால் பள்ளிக்குப் பயன்படும். அறைகள், துளைக் குழாய்கள், அடியில் படிந்த துருச்சேறு ஆகிய எல்லாம் அதில் தெரியும். ஓரங்கள் கூர்மையாயிருக்குமாதலால் அரத்தால் மழுக்கிய பின்னரே மாணவர் கையில் கொடுக்கவேண்டும்.